பாட்டில் நீ விட்டுவைத்த இடம்

கையில் இன்னும் ஊமத்தை வாசனை போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன். பச்சையும் கசப்புமாக ஒரு வாடை விரலிடுக்கில் அப்படியே நிற்கிறது. இதை எழுதுகிற பேனாவிலும் ஏறியிருக்கும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன். நேற்றுக் காலை நான் ஓர் ஊமத்தைச் செடிக்குப் பன் வைத்தேன்.

பன்னும் உப்பும். கல்லூரியின் பின்பக்க மதிலை ஒட்டி, பழைய மேசை நாற்காலிகளைக் குவித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் செடி நிற்கிறது. சனிக்கிழமை, யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். டீக்கடையில் வாங்கிய பன்னைப் பிட்டு அடியில் வைத்தேன். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த உப்பைத் தூவினேன். நீ சொன்னதுபோல ஓர் இலையை மெதுவாகத் தடவினேன். தடவியது நசுக்கியதாகிவிட்டது, அந்த வாடைதான் இது. பிறகு பேச வேண்டும். வாயைத் திறந்து, "அம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"இன்னா சார், அங்க குந்திக்கினு இன்னா பண்றீங்க?"

வாட்ச்மேன். அவருக்குப் பின்னால் மாணவிகள் இரண்டு மூன்று பேர், ஏதோ போட்டிக்கு ஒத்திகைக்காக வந்தவர்கள்.

"ஒண்ணுமில்ல. செடி பாக்குறேன்."

"ஊமத்த சார் அது. வெஷம். பன்ன அங்க வச்சா நாய்தான் துன்னும்."

"ஆராய்ச்சி" என்றேன்.

"ஆராய்ச்சிக்குப் பன்னா?" என்று அவர் கேட்டபோது ஒரு பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாட்ச்மேன் கிட்டே வந்து குரலைத் தணித்தார். அந்தத் தணிவுதான் என்னைக் கொன்றது. "வூட்ல எதனா பிரச்சனையா சார்? தப்பா நெனைக்காதீங்க. சங்கராபுரத்துல நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரு. வசியம், கட்டு எல்லாம் சுத்தமா பண்ணுவாரு. வாத்தியாருங்கன்னா கம்மியா வாங்கிக்குவாரு."

முனைவர் பட்டம் வாங்கியவன். கல்வராயன் மலையின் வசியப் பாடல்களைப் பற்றித் தடிமனாக ஓர் ஆய்வேடு எழுதியவன். காது மடல் எரிய, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாய். பிறகு எழுந்து, "டாக்டரே, மிச்சத்தையும் சொல்லிட்டு வந்திருக்கலாமே" என்றிருப்பாய்.

அந்தச் செடிச் சமாச்சாரத்தை நீ எனக்குச் சொன்னது ருமேனியாவிலிருந்து. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் உன் கீபோர்டு இல்லாமல் திருவிழாக் கச்சேரி நடக்காது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. டிஜே செட் வந்து பாதியைத் தின்றது, கொரோனா மீதியைத் தின்றது. கீபோர்டை உறை போட்டு மூடிவிட்டு, ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்து, வடக்கு ருமேனியாவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மரச்சாமான் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாய். "இந்த வயசுல பலகைக்கு உப்புத்தாள் தேய்க்கவா போற?" என்று நான் கேட்டேன். "இங்க இருந்து உன் மூஞ்சியப் பாக்குறதுக்கு அது பரவால்லடா" என்றாய். அது பாதி விளையாட்டு. மீதிப் பாதி எனக்கு அன்றைக்கே தெரியும்.

அங்கே உன்னோடு பேக்கிங் பகுதியில் வேலை செய்த பையன் மிஹாய். வார நாட்களில் அட்டைப் பெட்டி ஒட்டுவான். சனிக்கிழமை ஆனால் பக்கத்து நகரத்தில் ஒரு மதுக்கடையில் லேப்டாப்பும் வயலினும் வைத்துப் பாட்டு நடத்துவான். உன்னை அழைத்துப் போயிருக்கிறான். அன்றைக்கு நீ அனுப்பிய குரல்பதிவை நான் வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது பின்னால் டமடமவென்று இயந்திர மேளம். அதற்கு மேலே கிராமத்துப் பெண்கள் பலர், மூக்கால் இழுத்து, கூர்மையாக ஒரே குரலில் பாடுகிறார்கள். அதற்கும் மேலே நீ கத்துகிறாய்: "கேக்குதாடா? இது வசியம்டா! நம்ம மலைப்பாட்டு மாதிரியே! பசங்க ஆடுறானுங்க இதுக்கு!"

மறுநாள் நீ விளக்கினாய். அந்த ஊர்ப் பக்கம் மத்ரகுனா என்று ஒரு செடி உண்டு, நம்மூர் ஊமத்தைக்குப் பங்காளி, அதுவும் விஷம். காதலுக்காக அதை எடுக்கப் போகிற பெண்கள் ரொட்டியும் உப்பும் கொண்டுபோவார்கள். சும்மா பிடுங்கக் கூடாது. ராணியம்மா, பெரியம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தடவிக் கொடுத்து, இன்ன ஆள் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். போகிற வழியில் சண்டை போடக் கூடாது. கட்டிப்பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஆடிக்கொண்டு போக வேண்டும். அதே செடியை வெறுப்புக்காகவும் எடுப்பார்கள். அவர்கள் வழியெல்லாம் திட்டிக்கொண்டு போய், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நிற்பார்களாம்.

"செடி ஒண்ணுதான்டா. நீ எப்படிப் போறயோ அதத்தான் தரும்" என்றாய்.

மிஹாயின் பாட்டில் இருந்தது அந்த மந்திரம்தான். விரும்பிய ஆள் உட்கார்ந்தால் நாற்காலி சுடட்டும், படுத்தால் மெத்தை குத்தட்டும், என்னிடம் வந்தால்தான் ஆறட்டும் என்று போகிறதாம். அவனுடைய கிராமத்துக் கிழவர்கள் கோபித்தார்களாம், மேளம் போட்டால் மந்திரம் நீர்த்துப்போகும் என்று. பாதிரியாருக்கு அது பாவமாகப் பட்டதாம். "நீ நம்புறியான்னு கேட்டேன்டா அவன. எங்க ஊருப் பொண்ணுங்க நடுக் கோடையில ஒரு நாளு மஞ்சப் பூவப் பறிச்சித் தலகாணிக்கு அடியில வச்சித் தூங்குவாங்க, கனவுல மாப்புள வருவான்னு. எழுந்த ஒடனே போன எடுத்து அதுலயும் மாப்புள தேடுவாங்க, ரெண்டும் நடக்குதுன்றான்."

இதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் என்று உனக்கு நினைவிருக்கும். "ஒப்பியல் நோக்கில் இதில் புதிதாக ஒன்றுமில்லை. என் ஆய்வேட்டில் நான்காம் இயலைப் பார்." நீ திருப்பிக் கேட்டாய், அந்த நாலாம் இயலில் என்னதான் எழுதியிருக்கிறாய் என்று. நிறைவேறா விருப்பங்களின் குறியீட்டு வெளிப்பாடு என்றேன்.

"அப்படின்னா இன்னா?"

"அதாவது... மனசுல இருக்க ஆசையச் சொல்றது."

"அத அப்படியே எழுதிட்டு நாலு பக்கத்துல முடிச்சிருக்கலாமேடா."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு எதற்குத்தான் கோபம் வரவில்லை? எனக்குப் பின்னால் சேர்ந்தவன் நிரந்தரமானபோது வந்தது. நான் இன்னும் கௌரவ விரிவுரையாளராகவே இருக்கிறேன், கௌரவம் பெயரில் மட்டும். என்னிடம் படித்தவன் துறைத்தலைவர் அறையில் உட்கார்ந்துகொண்டு "உட்காருங்க சார்" என்று சொல்லும்போது வருகிறது. எல்லாவற்றையும் வரிசையாக ஞாபகம் வைத்திருக்கிறேன். யார் எந்தக் கூட்டத்தில் என் பெயரை விட்டார்கள், யார் வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார்கள். அந்த வரிசையில் கடைசியாக என் மனைவியையும் சேர்த்தேன். அதுதான் நீ என்னை மன்னிக்காத விஷயம்.

அவளுக்கு அரசு நர்ஸ் வேலைக்கு ஆணை வந்த நாளில் நீ வீட்டில் இருந்தாய். தெருவே வந்து வாழ்த்தியது. நான் எல்லாரும் கேட்கும்படி, "கவர்மெண்டுக்கு ஊசி போடத்தான் ஆள் வேணும், தமிழ் சொல்லிக் குடுக்க வேணாம்" என்றேன். அவள் சிரித்தபடியே லட்டுத் தட்டை அடுத்தவரிடம் நீட்டினாள். நீ மட்டும் லட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாய்.

அவள் சண்டை போட்டுப் போகவில்லை. பணியிடம் களமருதூருக்குப் பக்கத்தில், அவளுடைய அம்மா வீட்டுக்கு நடக்கிற தூரம். தியாகதுருகத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய்வந்தாள். இரவுப் பணி இருந்தால் அங்கே தங்கினாள். பிறகு மழை என்று தங்கினாள். துணிமணி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஒரு நாள் பீரோவில் அவளுடைய தட்டு காலியாக இருந்தது. நான் அதை மூடிவிட்டேன். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. பையன் சென்னையில் விடுதியிலிருந்து போன் செய்து, "அம்மா எங்கப்பா?" என்றால், "ட்யூட்டி" என்பேன். தெருவில் கேட்டாலும் ட்யூட்டிதான்.

நீ மட்டும் ட்யூட்டியை நம்பவில்லை. அவள் உன்னை அண்ணே என்று கூப்பிடுவாள். நீ ருமேனியாவில் இருந்தபோதும் உன்னிடம் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். ஊர் திரும்பிய வாரமே வீட்டுக்கு வந்து, காலி பீரோவைப் பார்த்துவிட்டு, "கூப்புடுடா" என்றாய்.

"வரணும்னா வருவா."

"அவ கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்டா. நீ கூப்பிடணும். அவ்ளோதான்."

"என்கிட்ட கேக்காம உன்கிட்ட ஏன் கேக்குறா?"

நீ மேசையில் தாளம் தட்டினாய்.

பிறகு கல்வராயன் மலைமேல் கரியாலூர். மிஹாய் செய்ததுபோல நம் மலைப் பாட்டை வைத்து ஒரு பாட்டுச் செய்ய வேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய். என் பழைய ஒலிநாடாக்களைக் கேட்டாய். நான் தரவில்லை, ஆய்வுத் தரவு என்றேன். சரி, புதிதாகவே பதிவு செய்யலாம் வா என்று பைக்கில் ஏற்றிக்கொண்டாய். மலை வளைவுகள் நெடுகிலும் நான் பேசிக்கொண்டே வந்தேன். நாட்டார் வழக்கைச் சந்தைக்கு இழுக்கிறாய் என்றேன், மலைப் பெண்களை வைத்து லைக் வாங்கப் போகிறாய் என்றேன். நீ தலையைத் திருப்பாமல், "வழியில சண்ட போடாதடா. அதுக்குன்னு ஒரு மொற இருக்குது" என்றாய். நான் அதற்கும் சண்டை போட்டேன்.

அங்கே சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் உன்னைப் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். உனக்கு அது எப்போதும் வரும். அருவி பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் போட்டோ கேட்கிறார்கள், நீ பாட்டுக் கேட்கிறாய் என்று அவர்களுக்குச் சிரிப்பு. என் ஆய்வேட்டில் நான் அச்சேற்றிய அதே பாட்டைப் பாடினார்கள்:

மழையே மழையே அவன் வழிய நனை
என் வாசல் வரும்போது வழுக்கி விழ

அதன் பிறகு பாட்டு நிற்கும். யார் விழ வேண்டுமோ அவர் பெயரை ஒருத்தி சொல்லுவாள். பிறகு எல்லாரும் சேர்ந்து அடுத்த அடியை எடுப்பார்கள். நான் அந்த இடத்தை அச்சில் மூன்று புள்ளி வைத்துக் காட்டியிருந்தேன். நீ அங்கேதான் பரபரப்பானாய். "மிஹாய் பாட்டுலயும் இங்கதான் பேரு வரும்டா!" என்றாய். ஒருத்தி புருஷன் பெயரைச் சொல்ல முடியாமல் அவனுடைய தம்பியின் அண்ணன் என்று சொன்னாள். இன்னொருத்தி தன் வெள்ளாட்டின் பெயரைச் சொன்னாள், நேற்றிலிருந்து காணவில்லையாம். கொல்லை முழுக்கச் சிரிப்பு.

நீ மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாய்.

"சொல்லு டாக்டரே."

அவர்கள் பாடினார்கள். இடம் வந்தது. நான் தொண்டையைக் கனைத்தேன். ம்க்கும். வேறொன்றும் வரவில்லை.

"சாரு பொண்டாட்டி பேர மறந்துட்டாரு" என்றாள் அதில் மூத்தவள்.

மறக்கவில்லை. ஆனால் அந்தக் கணம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் சொல்லியிருப்பேன். பிறகு இந்தா, ஏய், இங்க பாரு. மற்றவர்களிடம் பேசும்போது வூட்ல. பெயர் எப்போது விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"வரணும்னா அவளே வருவா" என்றேன், களை எடுக்கிற பெண்களிடம்போய்.

"கூப்டாத்தான சார் அவங்களுக்குத் தெரியும்" என்றாள் ஆட்டுக்காரி. கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் பொறுக்கவில்லை.

இறங்கும்போது ஒரு வளைவில் நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. என் பெண்டாட்டி உன்னிடம் போனில் அழுவது எனக்குத் தெரியும், நீயே அவள் பெயரைச் சொல்லிக்கொள் என்றேன். நீ பைக்கை நிறுத்தினாய். இறங்கி, எனக்கு முதுகைக் காட்டி, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். இருவர் முதுகும் ஒன்றையொன்று பார்த்தபடி. செடியை வெறுப்புக்காக எடுப்பவர்கள் நிற்பதாக நீ சொன்ன முறை அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏறு. மழ வருது" என்றாய். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டாய். டீ குடித்துவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை.

பாட்டை முடித்து எனக்கு அனுப்பினாய், இணையத்திலும் ஏற்றினாய். நான் திறக்கவில்லை. அடுத்து வந்தது உன் சாவுச் செய்தி, நெஞ்சுவலி என்று.

உன் வீட்டு வாசலில் ஷாமியானா ஓரத்தில் நின்றேன். உன்னோடு வாசித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், கிடாரிஸ்ட் குழந்தைபோல அழுதான். அவளும் வந்தாள், பணியிலிருந்து நேராக, வெள்ளைச் சீருடையில். "அண்ணே, அண்ணே" என்று உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எழுந்து திரும்பும்போது என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

கொஞ்சம் நின்றாள். நான் கனைத்தேன். அவள் முகத்தில் ஏதோ ஒன்று எழுந்து, காத்திருந்து, பிறகு இறங்கியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அது என்ன என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் முதல்முறையாக உன் பாட்டைக் கேட்டேன். தியாகதுருகத்தில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் முழுக்கக் கல்லூரிக் கூட்டம். டிரைவர் பாட்டுப் போட்டார். உன் கீபோர்டு என்று முதல் கட்டையிலேயே தெரிந்தது. அந்த வழுக்கல் ஒலி வேறு யாருக்கும் வராது. பிறகு சாமைக் கொல்லைப் பெண்கள், டமடமவென்று மேளம், மழையே மழையே. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அந்த இடம் வந்தது. மேளம் மட்டும் போகிறது, குரல் இல்லை. பஸ்ஸே ஒரே குரலில் "ம்க்கும்!" என்று கனைத்தது. பிறகு ஆளாளுக்கு ஒரு பெயரைக் கத்தினார்கள். ஒருவன் கத்திய பெயருக்கு முன்சீட்டிலிருந்து ஒரு ரெக்கார்டு நோட்டு பறந்து வந்து அவன் தலையில் விழுந்தது. கண்டக்டரும் டிக்கெட் கிழித்தபடி ஏதோ ஒரு பெயரை முனகினார்.

பக்கத்தில் நின்ற மாணவியைக் கேட்டேன்: "ஏம்மா கத்துறீங்க?"

"சார், அது கேப் சார். பாட்டுல யாரோ ஒரு ஆளு கனைச்சிட்டு பேரு சொல்லாம வுட்டுடுவாரு. அங்க நம்ம ஆளு பேரச் சொன்னா வொர்க் ஆவும்னு சொல்றாங்க."

"யாரு அந்த ஆளு?"

"தெரியல சார். பயந்தாங்கொள்ளின்னு பசங்க பேரு வச்சிருக்காங்க." பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க யாரு பேரு சார் சொல்வீங்க?" என்றாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர் மலைக்கோட்டை பின்னால் போய்விட்ட திசையைப் பார்த்தேன். நீ அந்தக் கனைப்பை வெட்டி எறிந்திருக்கலாம். வெட்டவில்லை. வேறு யாருடைய பெயரையும் போட்டு அடைத்திருக்கலாம், ஆட்டின் பெயராவது இருந்தது. அடைக்கவில்லை. என் இடத்தை எனக்காகத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதில் மாவட்டத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் தங்கள் ஆசையைக் கூச்சமில்லாமல் கத்துகிறார்கள். பஸ்ஸில் பெயர் சொல்லாத ஒரே ஆள் நான்.

அதனால்தான் மறுநாள் பன். மனிதர்களிடம் கேட்க முடியாது, ஒரு செடியிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதுவும் முடியவில்லை.

வாட்ச்மேன் போன பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பெண்கள் இந்நேரம் எல்லாரிடமும் சொல்லியிருப்பார்கள். திங்கட்கிழமை ஓய்வறையில் என் முன்னால் யாராவது பன் வைப்பார்கள். இதைவிடப் பெரிய அவமானம் இனி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். அப்படி யோசித்துக்கொண்டே பஸ் நிலையம் வந்து, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறியிருந்தேன். அங்கிருந்து களமருதூருக்கு டவுன் பஸ். வழியில் யாரையும் திட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில்லறை கேட்டு எரிந்து விழுந்த கண்டக்டரைக்கூட மனதுக்குள் திட்டவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நாற்று நட்ட வயல் ஓரமாக நடந்தேன். அவள் வீட்டு வாசலில் கொடியில் சீருடையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டி. கிளிப் ஒன்று வாயில். நான் படலுக்கு வெளியே நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், நல்ல தமிழில், மூன்று நான்கு வாக்கியம். எல்லாம் போயிற்று.

"ம்க்கும்."

அவள் கை நின்றது. திரும்பவில்லை. வாயிலிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"அந்தப் பாட்டுல கனைக்கிறது நீங்கதான?" என்றாள்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இத்தன வருஷமா கேக்குறேன் அந்தக் கனைப்ப." சீருடையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அண்ணன் மொதல்ல எனக்குத்தான் அனுப்புனாரு. ஆஸ்பத்திரில, பஸ்ல, எங்க போட்டாலும் அந்த எடம் வந்தா நின்னுடுவேன். கனைப்பு வரும். அதுக்கப்புறம் வருமா வருமான்னு காத்துக்கினு இருப்பேன். வராதுன்னு தெரியும், ரெக்கார்ட் பண்ணதுதான, புதுசா எப்படி வரும்? ஆனாலும் காத்துக்கினுதான் இருப்பேன். பைத்தியக்காரி மாதிரி."

உன் சாவு வீட்டில் அவள் முகத்தில் எழுந்து இறங்கியது அதுதான்.

உள்ளே அவளுடைய அம்மா, "யாரு வாசல்ல?" என்று கேட்டார். அவள் கொடியைப் பிடித்தபடி நின்றாள். என் முழங்காலில் காலையில் ஒட்டிய மண் இருந்தது, கையில் ஊமத்தை வாடை. இதைவிடக் கேவலமாக ஒருவன் மாமியார் வீட்டு வாசலில் நின்றிருக்க மாட்டான்.

"வளர்மதி" என்றேன்.

குரல் உடைந்து, பாதிதான் வந்தது. இன்னொரு முறை சொன்னேன். "வளர்மதி, நீ வரணும்."

அப்போதுதான் திரும்பினாள். நீ நினைப்பதுபோல ஓடி வரவில்லை. என் முகத்தை, கையை, முழங்காலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், வார்டில் நோயாளியைப் பார்ப்பதுபோல.

"கையில இன்னா நாத்தம்?"

"ஊமத்த."

"எதுக்கு?"

சொன்னேன். பன், உப்பு, வாட்ச்மேன், சங்கராபுரத்துச் சொந்தக்காரர், எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"வெஷம் அது. அந்தக் கையோட சோறு துன்னாதீங்க. சோப்பு தரேன், மொதல்ல கழுவுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஒரே நாள்ல வந்துட மாட்டேன். இத்தன வருஷம் ஆச்சி இல்ல? அடுத்த வாரமும் வந்து கேளுங்க" என்றாள்.

அவள் ஊற்ற ஊற்றத் தொட்டியடியில் கை கழுவினேன். சாப்பிட்டேன். சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன்.

நீ இருந்திருந்தால் நேற்றே உன்னிடம் வந்து சொல்லியிருப்பேன். மலை வளைவில் சொன்னதற்கும் சேர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன், சொல்லத் தெரிந்திருந்தால். நீ மேசையில் தாளம் தட்டிக்கொண்டு, "அவ்ளோதான்டா. இதுக்கா இத்தன வருஷம்?" என்றிருப்பாய். இந்த முறை எனக்குக் கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைத் திருப்பி உதறினேன். செடிக்குப் போட்டதுபோக மிஞ்சிய உப்பு கொஞ்சம் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு தட்டியும் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகப் போகிறேன்.